பதினாறு வயதில் எழுதிய புதினம்
எஸ். இ. ஹிண்டன் அம்மையாரின் வாழ்வும் எழுத்தும்

சின்னஞ்சிறு குழந்தைக்குக் கதை சொல்லப் பாட்டி இருக்கிறாள். வளர்ந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வார ஏடுகளும் நாவல்களும் இருக்கின்றன. இவ்விரு சாராருக்கும் இடையில், மீசை அரும்பியும் அரும்பாமலும் நிற்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு என்ன இருக்கிறது? சிறுவர் கதை அவனுக்குச் சலித்துவிட்டது. பெரியவர்களின் நாவலோ அவனுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், ‘இது உனக்குரியதன்று’ என்று கையிலிருந்து பிடுங்கப்படுகிறது. ஆயினும் அந்த வயதில்தான் மனிதன் முதன்முதலாகத் தன்னைப் பற்றி எண்ணத் தொடங்குகிறான். நட்பு, பகை, மானம், தனிமை, சாவு ஆகிய எல்லாம் அந்த வயதில்தான் அவன் நெஞ்சில் முதல் அடி அடிக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே இளையர் இலக்கியம். ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளோரை நோக்கி எழுதப்படும் கதைகளும் புதினங்களும் இப்பெயரால் வழங்குகின்றன. இன்று உலகப் பதிப்புத் தொழிலில் இதற்குத் தனிப்பெரும் இடம் உண்டு. அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர், முதல் புதினத்தை எழுதியபோது தாமே ஒரு பள்ளி மாணவியாக இருந்தார் என்பது வியப்பிற்குரிய செய்தியாகும். அவர்தாம் அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹிண்டன் அம்மையார்.

முன்னிருந்த நிலை

ஹிண்டனின் பணி எத்தகையது என்பதை அறிய, அவருக்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் இளையரை ஒரு தனி வாசகர் கூட்டமாக முதலில் கண்டறிந்தவர்கள் நூலகத்தாரே ஆவர். பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய மார்கரெட் எட்வர்ட்ஸ் என்னும் நூலகர், நூலகத்திற்கு வாராத ஏழை இளைஞர்களிடம் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்றவர். சிறுவர் பகுதிக்கும் பெரியோர் பகுதிக்கும் இடையே இளையர்க்கென ஒரு தனிப் பகுதி வேண்டும் என்று அவர் வாதாடினார். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கம் இளையர்க்கான பணிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவை நிறுவியது.

பகுதி ஏற்பட்டது, ஆனால் அதில் அடுக்கி வைக்க நூல்கள் வேண்டுமே! மோரீன் டேலி என்பவர் 1942-இல் எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ என்னும் காதற்கதை போன்ற ஒருசில நூல்கள் இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை நடன விருந்துக்கு எந்தப் பையன் அழைப்பான் என்று ஏங்கும் பெண்ணின் கதை, பந்தாட்டத்தில் வெற்றி பெறும் பையனின் கதை, குதிரை வளர்க்கும் சிறுமியின் கதை என்ற வட்டத்துக்குள்ளேயே சுழன்றன. அவற்றில் வரும் வீடுகள் எல்லாம் நல்ல வீடுகள். தந்தையர் எல்லாம் நல்ல தந்தையர். குடித்துவிட்டு மகனை அடிக்கும் தகப்பனையோ, தாய் தந்தையற்று அண்ணன் நிழலில் வாழும் பிள்ளையையோ, கிழிந்த சட்டைக்காக வழியில் மறித்து அடிக்கப்படும் ஏழைச் சிறுவனையோ அக்கதைகளில் காண்பது அரிது.

பிறப்பும் இளமையும்

சூசன் எலோயீஸ் ஹிண்டன் 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள், ஒக்லஹாமா மாநிலத்தைச் சேர்ந்த டல்சா நகரில் பிறந்தார். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த ஊர் அது. ‘உலகின் எண்ணெய்த் தலைநகர்’ என்றே ஒரு காலத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டது. செல்வம் கொழித்த ஊர்களில் எல்லாம் நடப்பது அங்கும் நடந்தது. எண்ணெயால் உயர்ந்தவர்கள் ஒரு பக்கம் வாழ்ந்தார்கள். அவ்வாறு உயராதவர்கள் மற்றொரு பக்கம் வாழ்ந்தார்கள்.

சிறுமி சூசன் நூல்களைத் தேடிப் படிப்பவளாக வளர்ந்தாள். குதிரைகளின்மீது அவளுக்கு அளவற்ற விருப்பம். மாடு மேய்க்கும் வீரர்களையும் குதிரைகளையும் பற்றித் தானே கதைகள் எழுதிப் பார்த்தாள். பெண்பிள்ளைகளோடு கூடி ஒப்பனை பற்றிப் பேசுவதைவிடப் பையன்களோடு ஓடியாடித் திரிவதே அவளுக்கு உவப்பாக இருந்தது. இப்பழக்கமே பிற்காலத்தில் ஆண்பிள்ளைகளின் பேச்சையும் எண்ணத்தையும் அவர் பிழையின்றி எழுதுவதற்குத் துணை நின்றது.

அவர் படித்த வில் ரோஜர்ஸ் உயர்நிலைப்பள்ளியில் மாணவர் பல குழுக்களாகப் பிரிந்திருந்தனர். அவற்றுள் இரு குழுக்கள் ஒன்றையொன்று பகைத்தன. ஒன்று, தலைமயிரை நீள வளர்த்து எண்ணெய் தடவி வாரியிருந்த ஏழைப் பையன்களின் குழு. இவர்களை ‘கிரீசர்’ என்று அழைத்தனர். மற்றொன்று, நல்ல உடையும் புதிய கார்களும் உடைய பணக்காரப் பிள்ளைகளின் குழு. இவர்களுக்கு ‘சோஷ்’ என்று பெயர். ஹிண்டன் எந்தக் குழுவிலும் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் எல்லாக் குழுக்களிலும் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். ஒரு குழுவுக்குள் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதது, ஓரத்தில் நின்ற அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு நாள், திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அவருடைய நண்பன் ஒருவனைப் பணக்காரப் பையன்கள் வழிமறித்து அடித்தனர். அவன் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. அவன் ஏழைக் குழுவைச் சேர்ந்தவன், அவ்வளவே. இந்த நிகழ்ச்சி பதினைந்து வயதுப் பெண்ணின் மனத்தைச் சுட்டது. அவர் வீட்டிற்கு வந்து எழுத உட்கார்ந்தார்.

துயரிடையே பிறந்த நூல்

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் அந்தக் கதையை அவர் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதினார். பெரும்பகுதியை எழுதி முடித்தபோது அவருக்கு வயது பதினாறு. அந்த நாட்களில்தான் அவர் தந்தையார் மூளையில் ஏற்பட்ட புற்றுநோயால் படுக்கையில் வீழ்ந்தார். நூல் முடியுமுன்னே தந்தையார் காலமாகிவிட்டார். அந்தத் துயரம் நூலில் எங்கும் நேராகச் சொல்லப்படவில்லை. ஆனால் கதைத் தலைவனான சிறுவன் பெற்றோரை இழந்தவனாக இருப்பதையும், மருத்துவமனைக் கட்டிலருகே நண்பர்கள் செயலற்று நிற்கும் இடத்தையும் படிப்போர், எழுதியவள் சாவைக் கேள்வியால் அறிந்தவள் அல்லள் என்பதை உணர்வர்.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் புதினத்தை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் ‘டி’. அதாவது தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் கடைநிலை. பள்ளிப் பாடத்தைச் சரிவரச் செய்யாமல் நாவல் எழுதிக்கொண்டிருந்த மாணவிக்கு ஆசிரியர் வேறு என்ன மதிப்பெண் கொடுக்க முடியும்? குறை ஒருவருடையதன்று. ஆனால் மதிப்பெண் என்பது பிள்ளையின் எந்தப் பகுதியை அளக்கிறது, எந்தப் பகுதியை அளக்காமல் விடுகிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்ப்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

அச்சேற்ற வேண்டும் என்ற நினைப்போடு அவர் அதனை எழுதவில்லை. அதற்கு முன்னரே இரண்டு கதைகளை நூலளவுக்கு எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார், இது மூன்றாவது. தோழி ஒருத்தியின் தாயார் சிறுவர் நூல்கள் எழுதுபவர். அவர் கையெழுத்துப்படியைப் படித்துப் பார்த்து, நியூயார்க்கில் உள்ள ஓர் இலக்கிய முகவரின் பெயரைக் கொடுத்தார். படி அங்கே சென்றது. வைக்கிங் பதிப்பகம் அதனை வெளியிட ஒப்புக்கொண்டது. 1966-ஆம் ஆண்டு, உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெறும் நாளிலேயே பதிப்பகத்தின் ஒப்பந்தமும் அந்த மாணவியின் கைக்கு வந்து சேர்ந்தது.

மறைக்கப்பட்ட பெயர்

நூல் 1967-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளியாயிற்று. ‘தி அவுட்சைடர்ஸ்’ என்பது அதன் பெயர். ‘புறம்பானவர்கள்’ எனத் தமிழில் கூறலாம். ஆசிரியரின் பெயர் ‘எஸ். இ. ஹிண்டன்’ என்று தலைப்பெழுத்துகளோடு மட்டும் அச்சாகியிருந்தது. சூசன் என்னும் பெண்பெயர் அட்டையில் இல்லை.

இதற்குக் காரணம் பதிப்பகத்தார் கூறிய யோசனை. கத்திக்குத்தும் தெருச்சண்டையும் நிறைந்த ஆண்பிள்ளைகளின் கதையை ஒரு பெண் எழுதினாள் என்று தெரிந்தால், மதிப்புரை எழுதும் ஆடவர்கள் நூலைத் திறக்குமுன்னரே, ‘இவளுக்கு இது எப்படித் தெரியும்?’ என்று ஒதுக்கிவிடுவர் என அவர்கள் அஞ்சினார்கள். அச்சம் வீண் அச்சம் என்று சொல்வதற்கில்லை. நெடுநாள் வரை வாசகர் பலர் ஆசிரியரை ஓர் ஆடவர் என்றே எண்ணிக் கடிதம் எழுதினர். ஹிண்டன் அம்மையார் இதற்காகப் பிற்காலத்தில் வருந்தவில்லை. உலகிற்கு ஒரு பெயரும் வீட்டிற்கு ஒரு பெயருமாக இருப்பது தமக்கு வசதியாகவே இருக்கிறது என்னும் பொருள்படப் பேசியிருக்கிறார். ஆயினும் ஒதுக்கப்பட்டவர்களுக்காகக் குரல் எழுப்பிய நூல், தன் ஆசிரியரின் பெயரை மறைத்துக்கொண்டுதான் உலகிற்கு வர முடிந்தது என்பது எண்ணத்தக்கது.

கதையும் அதன் அமைப்பும்

கதையைச் சொல்பவன் போனிபாய் கர்ட்டிஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன். தாய் தந்தையர் கார் விபத்தில் இறந்துவிட்டனர். மூத்த அண்ணன் டேரிக்கு வயது இருபது. கல்லூரி செல்லும் தகுதி இருந்தும், தம்பியரைக் காப்பதற்காகப் படிப்பைத் துறந்து கூரை வேயும் வேலைக்குச் செல்கிறான். நடு அண்ணன் சோடாபாப் பள்ளியை விட்டு எரிபொருள் நிலையத்தில் வேலை பார்க்கிறான். மூவரும் ஒழுங்காக இருந்தால்தான் ஒரே வீட்டில் வாழலாம். சிறு பிழை நேர்ந்தாலும் அரசாங்கம் இளையவனைப் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடும். அதனால் டேரி தம்பியைக் கண்டித்து வளர்க்கிறான். தம்பியோ அண்ணனுக்குத் தன்மேல் அன்பே இல்லை என்று நினைக்கிறான்.

ஓரிரவு பூங்காவில், பணக்காரப் பையன்கள் போனிபாயைப் பிடித்து நீரூற்றுத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அவன் மூச்சுத் திணறிச் சாகும் நிலையில், அவன் நண்பன் ஜானி அச்சத்தால் கத்தியை வீசிவிடுகிறான். பாப் என்னும் பையன் மாண்டு விழுகிறான். ஜானி முரடன் அல்லன். பெற்றோரால் அடிபட்டு, அதற்கு முன்பே ஒருமுறை பணக்காரப் பையன்களிடம் குற்றுயிராக உதைபட்டு, நிழலைக் கண்டாலும் நடுங்கும் பதினாறு வயதுப் பிள்ளை. இருவரும் ஊரைவிட்டு ஓடிப் பாழடைந்த ஒரு தேவாலயத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே அவர்கள் நாவல் படிக்கிறார்கள், விடியலைப் பார்க்கிறார்கள், இராபர்ட் ஃபிராஸ்ட்டின் கவிதை ஒன்றைச் சொல்லி, இளமையின் தூய்மை ஏன் நிலைப்பதில்லை என்று சிந்திக்கிறார்கள். பின்னர் அத்தேவாலயம் தீப்பற்றுகிறது. உள்ளே சிக்கிக்கொண்ட குழந்தைகளைக் காப்பாற்றக் ‘கொலைகாரப் பையன்கள்’ இருவரும் நெருப்பில் குதிக்கிறார்கள். குழந்தைகள் பிழைக்கின்றன. ஜானி முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் இறக்கிறான். அவனையே உயிராக நேசித்த டாலி என்னும் மற்றொரு நண்பன், அத்துயரைத் தாங்கமாட்டாமல், குண்டில்லாத துப்பாக்கியைப் போலீசாரை நோக்கி நீட்டி, அவர்கள் சுட்டதில் மடிகிறான்.

கதை இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு வன்முறைக் கதையாகவே இருந்திருக்கும். அதனை உயர்த்துவது அதன் அமைப்பு. நண்பரை இழந்த போனிபாய் படிப்பில் நாட்டமின்றிப் போகிறான். ஆங்கிலப் பாடத்தில் தோல்வியுறும் நிலை வருகிறது. நல்ல கட்டுரை ஒன்று எழுதினால் தேர்ச்சி தருவதாக ஆசிரியர் கூறுகிறார். அவன் பேனாவை எடுத்து எழுதத் தொடங்குகிறான். அவன் எழுதும் முதல் வாக்கியம், நாம் படித்துக்கொண்டிருக்கும் புதினத்தின் முதல் வாக்கியமேயாகும். இதுகாறும் படித்தது ஒரு மாணவன் ஆசிரியருக்கு எழுதிய கட்டுரை என்பதை வாசகர் அப்போதுதான் அறிகின்றனர். எழுத்துப் பாடத்தில் கடைநிலை மதிப்பெண் பெற்ற மாணவி, எழுத்தால் கரையேறும் ஒரு மாணவனைப் படைத்தாள்!

இன்னொரு நுட்பமும் கூறத்தக்கது. செர்ரி என்னும் பணக்காரப் பெண்ணோடு போனிபாய் உரையாடும்போது, இருவரும் தத்தம் வீட்டிலிருந்து ஒரே சூரிய மறைவைப் பார்ப்பதைக் கண்டுகொள்கிறார்கள். பணக்காரர்க்கும் துன்பம் உண்டு. அதன் வடிவம் வேறு. ஏழையை நல்லவனாகவும் செல்வனைத் தீயவனாகவும் காட்டி முடித்துவிடும் எளிய வழியை ஆசிரியர் கைக்கொள்ளவில்லை. இறந்துபோன பாப்புக்கும் ஒரு வீடு இருந்தது, பெற்றோர் இருந்தனர், அவனை நேசித்த நண்பர் இருந்தனர் என்பதை அவர் நினைவூட்டாமல் விடவில்லை.

பள்ளிகள் வளர்த்த புகழ்

வெளியான அதே ஆண்டு ஆகஸ்ட் திங்களில், ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டின் நூல் மதிப்புரைப் பகுதியில் ஹிண்டன் ஒரு கட்டுரை எழுதினார். இளையர் வாழும் உலகம் ஒன்று, அவர்களுக்கென எழுதப்படும் நூல்கள் காட்டும் உலகம் மற்றொன்று என்பது அதன் சாரம். இளையர் உண்மையை அறிந்தவர்கள். அவர்களிடம் பொய்யைக் கொடுத்தால் நூலை மூடி வைத்துவிடுவார்கள் என்று அந்தப் பத்தொன்பது வயது எழுத்தாளர் வாதிட்டார்.

நூலை நாட்டிற்குப் பரப்பியவர்கள் ஆசிரியர்களும் நூலகர்களுமே. எந்தப் புத்தகத்தையும் தொடாத மாணவன் இதை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறான் என்பதை வகுப்பறையில் அவர்கள் கண்டார்கள். பள்ளிகள் மொத்தமாக வாங்கத் தொடங்கின. இளையர் புதினத்திற்குத் தனிச் சந்தை உண்டு என்பதைப் பதிப்பகத்தார் உணர்ந்தனர். ஒரு கோடியே ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் இதுவரை விற்பனையாகியுள்ளன. அதே 1967-இல் இராபர்ட் லிப்சைட்டின் ‘தி கன்டெண்டர்’, அடுத்த ஆண்டில் பால் ஜின்டலின் ‘தி பிக்மேன்’, 1974-இல் இராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’ என, உண்மையை மறைக்காத இளையர் புதினங்கள் வரிசையாக வந்தன.

எழுத முடியாத ஆண்டுகள்

இளமையில் வந்த புகழ் இன்பம் மட்டும் தருவதில்லை. பத்தொன்பது வயதில் நாடறிந்த எழுத்தாளராகிவிட்ட ஹிண்டனால், அதன் பிறகு சில ஆண்டுகள் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அடுத்த நூல் முதல் நூலுக்கு ஈடாக அமையுமா என்ற அச்சம் அவர் கையைக் கட்டிப்போட்டது. டல்சா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயின்றார். ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் சென்றபோது, பிள்ளைகளின் துன்பங்களை வீடு வரை சுமந்து வந்து வருந்தும் தம் இயல்பு அத்தொழிலுக்கு ஏற்றதன்று என்று உணர்ந்தார்.

அவரை மீண்டும் எழுத வைத்தவர், பின்னர் அவரை மணந்துகொண்ட கல்லூரித் தோழர். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் மாலையில் வெளியே செல்லலாம் என்று அவர் நிபந்தனை விதித்தார். நாளுக்கு இரண்டு பக்கமாக ஊர்ந்த அந்த நூல்தான், 1971-இல் வெளியான ‘தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்’. ஒரே வீட்டில் உடன்பிறப்புகள்போல் வளர்ந்த பிரையன், மார்க் என்னும் இரு நண்பர்களுள், மார்க் போதைப்பொருள் விற்பவனாகிறான். பிரையன் காதலிக்கும் பெண்ணின் தம்பியான சிறுவன் ஒருவன் போதை மருந்தால் மனம் சிதைந்துபோகிறான். அதைக் கண்ட பிரையன், உயிர் நண்பனைப் போலீசாரிடம் காட்டிக்கொடுக்கிறான். செய்தது சரிதானா? நூல் விடை சொல்லவில்லை. முதல் நூலில் உணர்ச்சி கரை புரண்டோடியது. இரண்டாம் நூலில் எழுத்தின் கட்டுப்பாடு தெரிகிறது.

1975-இல் வந்த ‘ரம்பிள் ஃபிஷ்’ அளவில் சிறியது. பெயர் சூட்டிய மீன், சயாம் நாட்டுச் சண்டை மீன். மலேசியச் சிறுவர்கள் கண்ணாடிக் குப்பிகளில் தனித்தனியே வளர்க்கும் மீனினம்தான் அது. இரண்டை ஒரே நீரில் விட்டால் ஒன்றையொன்று கொல்லப் பாயும். கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் சீறும். தெருச்சண்டையில் பெயர் வாங்கிய அண்ணன் வழியில் தானும் நடக்க விரும்பும் ரஸ்டி ஜேம்ஸ் என்னும் தம்பிக்கு இம்மீன் உவமையாகிறது. ஆற்றில் விட்டால் இம்மீன்கள் சண்டையிடுமா என்று அண்ணன் எண்ணுகிறான். அவற்றை விடுவிக்க முயன்று அவன் உயிர்விடுகிறான். அடைபட்ட இடம்தான் பகையை வளர்க்கிறதோ என்ற கேள்வி நூலுக்குள் நிற்கிறது.

1979-இல் ‘டெக்ஸ்’, 1988-இல் ‘டேமிங் தி ஸ்டார் ரன்னர்’ ஆகியவை வெளிவந்தன. பின்னதில் மட்டுமே கதைத் தலைவன் தானே கதை சொல்லாமல், ஆசிரியர் கூற்றாகக் கதை நடக்கிறது. அதன் தலைவனும் புதினம் எழுதும் ஒரு மாணவனே. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்தே இளையர் புதினங்கள்! ஒரு நூலின் மாந்தர் மற்றொரு நூலில் எதிர்ப்படுவதும் உண்டு. போனிபாய் இரண்டாம் நூலில் தலைகாட்டுகிறான். சிறையிலிருந்து தப்பிய மார்க் ‘டெக்ஸ்’ நூலில் வழிப்போக்கனாக வருகிறான். இதன் பின்னர்ச் சிறுவர்க்காக இரு நூல்களும், 2004-இல் பெரியோர்க்காக ‘ஹாக்ஸ் ஹார்பர்’ என்னும் புதினமும் எழுதினார்.

மாணவர் எழுதிய கடிதம்

‘தி அவுட்சைடர்ஸ்’ திரைக்கு வந்த வரலாறு சுவையானது. கலிபோர்னியா மாநிலத்தில், ஃபிரெஸ்னோ நகரை ஒட்டிய லோன் ஸ்டார் பள்ளியின் நூலகரும் மாணவர்களும் சேர்ந்து, இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு ஒரு கடிதம் எழுதினர். இக்கதையைப் படமாக்கத் தகுந்தவர் தாங்களே என்று மாணவர் பலர் கையொப்பமிட்டு, நூலின் படி ஒன்றையும் உடன் அனுப்பினர். பெரும்படங்களை எடுத்துப் புகழ்பெற்ற கொப்போலா அதற்குச் செவிசாய்த்தார். டல்சா நகரிலேயே எடுக்கப்பட்ட அப்படம் 1983-இல் வெளியாயிற்று. ஹிண்டன் அம்மையாரே மருத்துவமனைத் தாதியாக ஒரு காட்சியில் தோன்றினார். அதே ஆண்டில் வெளிவந்த ‘ரம்பிள் ஃபிஷ்’ படத்தின் திரைக்கதையைக் கொப்போலாவோடு இணைந்து எழுதினார். அப்படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. மீன்கள் மட்டும் வண்ணத்தில் நீந்தின. ‘டெக்ஸ்’ அதற்கு முன்பே 1982-இல் படமாகியிருந்தது.

எதிர்ப்பும் குறைகளும்

புகழோடு எதிர்ப்பும் வந்தது. 1986-இல் விஸ்கான்சின் மாநிலத்துச் சவுத் மில்வாக்கியில், குடியும் போதையும் இந்நூலில் இடம்பெறுகின்றன, மாந்தர் அனைவரும் சிதைந்த குடும்பத்தினர் எனக் கூறி இதை நீக்கக் கோரினர். 1990-களில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூறு நூல்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடுவதற்கில்லை. தம் பிள்ளை தீயதைக் காணக்கூடாது என்று எண்ணாத பெற்றோர் எவர்? ஆனால் சிதைந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான். அவன் வாழ்வை நூலில் எழுதுவதே தீது என்றால், அவன் வாழ்வதே தீது என்று அவன் காதில் விழாதா? மேலும், இந்நூலில் வன்முறை வெல்வதில்லை. குழுச்சண்டையில் கிரீசர் குழு வெற்றி பெற்ற அதே இரவில்தான் ஜானி சாகிறான். அந்த வெற்றியால் ஒன்றும் மாறவில்லை என்பதே கதையின் முடிவு.

திறனாய்வாளர் காட்டும் குறைகள் வேறு. உணர்ச்சி மிகையாகக் கொட்டப்படுகிறது. சாவுகள் அடுத்தடுத்து வருகின்றன. பெண் மாந்தர் மிகச் சிலரே. இவை உண்மையே. மற்றொன்றும் உண்டு. 1921-ஆம் ஆண்டில், டல்சாவின் கிரீன்வுட் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் தாக்கிக் கொன்று, வீடுகளையும் கடைகளையும் தீயிட்டது. அந்நகரின் ஆழமான பிளவு அதுவே. அதே நகரில் பிறந்த இப்புதினம் ஏழை வெள்ளையரின் துன்பத்தைக் கண்டது. நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசவில்லை. பதினாறு வயதுப் பெண் தன் கண்முன் கண்டதை எழுதினாள் என்று சொல்லலாம். அவள் கண்ணில் படாதபடி அந்த நகரம் எதையெல்லாம் பிரித்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நிலைத்த பயன்

1988-இல், இளையர் இலக்கியத்திற்கு நீடித்த தொண்டு புரிந்தோர்க்காக அமெரிக்க நூலகச் சங்கத்தின் சார்பில் ஒரு விருது நிறுவப்பட்டது. குதிரை வண்டியில் நூல் கொண்டுசென்ற மார்கரெட் எட்வர்ட்ஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதனை முதன்முதலாகப் பெற்றவர் ஹிண்டன் அம்மையார். கொப்போலாவின் படத்தில் கர்ட்டிஸ் உடன்பிறப்புகளின் இல்லமாகக் காட்டப்பட்ட டல்சா நகரத்து வீடு 2019 முதல் ஒரு காட்சியகமாயிற்று. புதினத்தைத் தழுவிய இசை நாடகம், நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏறி, 2024-ஆம் ஆண்டின் சிறந்த இசை நாடகத்திற்கான டோனி விருதைப் பெற்றது. நூல் வெளியாகி அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹிண்டனைவிடச் செம்மையாக எழுதிய இளையர் எழுத்தாளர் பலர் பின்னர் வந்துள்ளனர். ஆனால் அவர்கள் வருவதற்குக் கதவு திறந்திருந்தது. திறந்தவள், தன் நண்பன் அடிபட்டதைப் பொறுக்கமாட்டாமல் எழுத உட்கார்ந்த ஒரு பள்ளி மாணவி. யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் அவளை ஊக்கவில்லை. தான் படிக்க விரும்பிய கதை நூலகத்தில் இல்லை. ஆகவே தானே எழுதினாள். வகுப்பின் கடைசி வரிசையில், பாடத்தைக் கவனியாமல், குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் மாணவரைக் காணும் ஆசிரியர், அதைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பாராயின், அதுவே இவ்வம்மையாரின் வரலாறு தரும் பயனாகும்.